ஜேஒய்1: ரேடியோவில் பட்டம் வேண்டாம், பெயர் போதும் என்ற மன்னர்! யார் இந்த ஜோர்டான் ஹுசைன்?

1970-களிலும் 80-களிலும் உலகம் முழுக்க ஒரு கூட்டம் ராத்திரி தூங்காமல் ரேடியோ டயலைத் திருப்பிக்கொண்டே இருந்தது. பாட்டுக்காகவோ செய்திக்காகவோ இல்லை. பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி, முகம் தெரியாத யாரோ ஒருவரிடம் இரண்டு நிமிடம் பேசிவிட மாட்டோமா என்பதற்காக. ஹாம் ரேடியோக்காரர்கள் என்று இவர்களுக்குப் பெயர்.

இரைச்சலுக்கு நடுவே அவர்களுக்கு எப்போதாவது ஒரு கனத்த குரல் கேட்கும். நல்ல ஆங்கிலம், நிதானமான பேச்சு. அழைப்புக் குறி ஜேஒய்1. பெயர் கேட்டால் ஹுசைன், ஊர் கேட்டால் அம்மான். அவ்வளவுதான் அறிமுகம்.

அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் ஒரு நாட்டின் மன்னர். 46 ஆண்டுகள் ஜோர்டானை ஆண்ட ஹுசைன் பின் தலால். எதிரில் பேசுபவர் அமெரிக்காவில் மெக்கானிக்காக இருக்கலாம், ஜப்பானில் பள்ளி மாணவராக இருக்கலாம். மாட்சிமை பொருந்திய மன்னரே என்றெல்லாம் யாரும் கூப்பிடக் கூடாது, ஹுசைன் என்றே கூப்பிட வேண்டும் என்பது அவர் வைத்த நிபந்தனை.

ராஜாவுக்கு என்ன குறைச்சல், எதற்கு இந்த வேலை என்று தோன்றலாம். அவர் வாழ்க்கையைப் பார்த்தால் அது கொஞ்சம் புரியும். அதற்கு முன், ஹாம் ரேடியோ என்றால் என்ன என்று தெரிந்துகொள்வோம்.

ஹாம் ரேடியோ என்றால் என்ன?

அமெச்சூர் ரேடியோ என்பதுதான் இதன் முறையான பெயர். பொழுதுபோக்காக, காசு வாங்காமல், சொந்தமாக ஒரு ரேடியோ நிலையம் வைத்துக்கொண்டு மற்றவர்களோடு பேசுவது. வானொலி நிலையம் ஒன்று ஒலிபரப்பும், நாம் கேட்போம். இதில் அப்படி இல்லை, இரண்டு பக்கமும் பேசும், இரண்டு பக்கமும் கேட்கும்.

இஷ்டத்துக்கு யாரும் செய்துவிட முடியாது. அரசு நடத்தும் தேர்வில் பாஸ் ஆகி லைசென்ஸ் வாங்க வேண்டும். இந்தியாவில் 12 வயது முடிந்தவர்கள் இந்தத் தேர்வை எழுதலாம். பாஸ் ஆனால் ஒரு அழைப்புக் குறி கொடுப்பார்கள். வண்டிக்கு நம்பர் பிளேட் மாதிரி, உலகத்தில் ஒருவருக்கு ஒன்றுதான். முதல் எழுத்துகளை வைத்தே எந்த நாடு என்று சொல்லிவிடலாம். வியூ என்று தொடங்கினால் இந்தியா, 4எஸ் என்றால் இலங்கை, 9வி என்றால் சிங்கப்பூர், ஜேஒய் என்றால் ஜோர்டான்.

சின்ன அறையில் இருக்கும் ஒரு பெட்டி எப்படி இன்னொரு கண்டம் வரை பேசும்? பூமிக்கு மேலே, பல நூறு கிலோமீட்டர் உயரம் வரை அயனி மண்டலம் என்று ஒரு பகுதி இருக்கிறது. சிற்றலை எனப்படும் ரேடியோ அலைகள் அங்கே போய் வளைந்து, பூமியில் வேறு எங்கேயோ வந்து இறங்கும். மறுபடி எகிறும், மறுபடி இறங்கும். பிபிசி தமிழோசையைச் சிற்றலையில் கேட்டு வளர்ந்த வீடுகளில் இது நன்றாகவே தெரிந்திருக்கும். ஒரு நாள் பக்கத்து அறையில் பேசுவது போல இருக்கும், மறுநாள் கடல் இரைச்சலுக்குள் மூழ்கிவிடும்.

சூரியனும் இதில் பங்காளி. சூரியப் புள்ளிகள் சுமார் 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடிக் குறையும். கூடும் காலத்தில் அயனி மண்டலம் நன்றாக வேலை செய்யும், குறைந்த சக்தியிலேயே உலகத்தைச் சுற்றலாம். 1979, 80-ஐ ஒட்டிய ஆண்டுகள் அப்படியொரு உச்சம். ஜேஒய்1-இன் குரல் புகழ்பெற்றிருந்த காலமும் அதுதான்.

நம்ம ஊர்ப் பக்கம் ஹாம் ரேடியோவைப் பலர் கேள்விப்பட்டது 2004 டிசம்பர் சுனாமி நேரத்தில். போர்ட் பிளேரில் அப்போது ஒரு ஹாம் குழு தற்செயலாக முகாமிட்டிருந்தது. பொழுதுபோக்காக அந்தமானிலிருந்து உலகத்தோடு பேசத்தான் அவர்கள் போயிருந்தார்கள். தொலைபேசி எல்லாம் படுத்துவிட்ட நேரத்தில் தீவுக்கும் வெளியுலகத்துக்கும் நடுவே செய்திகளைக் கடத்தியது அந்தக் குழு.

சரி, ஜோர்டானுக்கு வருவோம்.

15 வயதில், கண் எதிரே ஒரு கொலை

ஹுசைன் பிறந்தது 1935 நவம்பர் 14, அம்மான் நகரில். தாத்தா முதலாம் அப்துல்லாதான் ஜோர்டானின் முதல் மன்னர். பேரன் மீது தாத்தாவுக்கு ரொம்பப் பிரியம்.

1951 ஜூலை 20, வெள்ளிக்கிழமை. ஜெருசலேம் அல் அக்ஸா பள்ளிவாசலுக்குத் தொழுகைக்காக வந்தார் அப்துல்லா. பக்கத்தில் பேரன் ஹுசைன், வயது 15. வாசலில் காத்திருந்த ஒருவர் துப்பாக்கியை எடுத்துச் சுட்டார். மன்னர் அந்த இடத்திலேயே விழுந்தார். சுட்டவரை நோக்கி ஓடிய ஹுசைனை நோக்கியும் ஒரு தோட்டா வந்தது. சட்டையில் குத்தியிருந்த பதக்கத்தில் பட்டு அது விலகிப்போனது. ராணுவச் சீருடையும் பதக்கமும் அணிந்து வரச் சொன்னவர் தாத்தாதான்.

அதன்பின் அப்பா தலால் மன்னரானார். ஆனால் அவருக்கு மனநோய். ஒரு வருடம்கூட முழுதாகத் தாக்குப்பிடிக்கவில்லை. 1952 ஆகஸ்ட் 11-ல் நாடாளுமன்றம் தலாலை விலக்கிவிட்டு ஹுசைனை மன்னராக அறிவித்தது. அப்போது அவருக்கு 16 வயது. நம்மூர் கணக்கில் பிளஸ் 1 படிக்கும் வயது!

உடனே அரியணை ஏற முடியாது, வயது போதாது. அதற்குள் இங்கிலாந்தின் சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கல்லூரியில் பயிற்சி. ஏற்கெனவே அலெக்சாண்ட்ரியாவில் விக்டோரியா கல்லூரியிலும், லண்டன் அருகே ஹாரோ பள்ளியிலும் படித்தவர். ரேடியோவில் கேட்ட அந்த ஆங்கிலம் அங்கிருந்து வந்தது. 1953 மே 2-ல் முறைப்படி மன்னராகப் பொறுப்பேற்றார். அதே காலகட்டத்தில் விமானம் ஓட்டவும் கற்றுக்கொண்டார். கார் பந்தயம், மோட்டார் பைக், நீர்ச்சறுக்கு என்று வேகமாகப் போகும் எதையும் விட்டுவைக்கவில்லை.

மூக்கில் விடும் மருந்தில் ஆசிட்

ஜோர்டான் சின்ன நாடு. எண்ணெய் வளம் கிடையாது, தண்ணீருக்கும் திண்டாட்டம். ஒரு பக்கம் இஸ்ரேல், இன்னொரு பக்கம் சிரியா, இராக், சவுதி. இந்த மன்னர் எத்தனை நாள் தாங்குவார் என்று வெளிநாட்டுத் தூதரகங்களே சந்தேகப்பட்ட காலம் அது.

1958 ஜூலை 14-ல் இராக்கில் ராணுவப் புரட்சி. அந்நாட்டு மன்னர் இரண்டாம் பைசல், ஹுசைனின் நெருங்கிய உறவுக்காரர், ஹாரோவில் கூடப் படித்தவர், குடும்பத்தோடு சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்தது ஜோர்டான்தான் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள்.

அதே ஆண்டு நவம்பரில் ஹுசைன் ஓய்வெடுக்க ஐரோப்பாவுக்குச் சிறிய விமானம் ஒன்றை ஓட்டிக்கொண்டு கிளம்பினார். சிரியா வானில் இரண்டு மிக் போர் விமானங்கள் வழிமறித்தன. தரையைத் தொட்டுவிடும் உயரத்துக்கு இறக்கி, வளைத்து வளைத்து ஓட்டி, ஒருவழியாக ஜோர்டான் எல்லைக்குள் திரும்பி வந்து சேர்ந்தார்.

அரண்மனைக்குள் மட்டும் என்ன நிம்மதி? மூக்கில் விடும் சொட்டு மருந்துக்குப் பதில் புட்டியில் யாரோ ஆசிட்டை நிரப்பி வைத்திருந்தார்கள். ஒரு சொட்டு வாஷ்பேசினில் சிந்தி, புகைந்து நுரைத்ததால் தெரியவந்தது. இன்னொரு முறை அரண்மனை வளாகத்தில் பூனைகள் வரிசையாகச் செத்துக் கிடந்தன. விசாரித்தால், மன்னருக்கு வைக்க வேண்டிய விஷத்தின் அளவைச் சமையலறை ஆள் ஒருவர் பூனைகளிடம் சோதித்துப் பார்த்திருக்கிறார். 1960 ஆகஸ்ட் 29-ல் பிரதமர் ஹஸ்ஸா அல் மஜாலி அவருடைய அலுவலகத்திலேயே குண்டு வைத்துக் கொல்லப்பட்டார். இதையெல்லாம் பார்த்த ஹுசைன், 1962-ல் வெளியான தன் சுயசரிதைக்கு, முடி சூடிய தலைக்கு நிம்மதி இல்லை என்ற பொருளில் தலைப்பு வைத்ததில் ஆச்சரியம் என்ன?

1967 ஜூன் போரில் மேற்குக் கரையையும் கிழக்கு ஜெருசலேமையும் இஸ்ரேலிடம் இழந்தார். தாத்தா விழுந்த பள்ளிவாசலும் கையைவிட்டுப் போனது. 1970 செப்டம்பரில் உள்நாட்டுப் போர். ஜோர்டானில் இருந்த பாலஸ்தீனப் போராளி அமைப்புகள் மீது ஹுசைனின் ராணுவம் தாக்குதல் நடத்தியது. ஆயிரக்கணக்கானோர் உயிரிழந்தார்கள். கறுப்பு செப்டம்பர் என்ற பெயர் வந்தது இதற்குத்தான். பாலஸ்தீனர்கள் பலர் அவரைக் கடைசி வரை மன்னிக்கவில்லை. 1971 நவம்பரில் அவருடைய பிரதமர் வஸ்ஃபி அல் தல், கெய்ரோவில் பழிவாங்கும் தாக்குதலில் கொல்லப்பட்டார்.

கூடவே இருப்பவர்கள் கொல்லப்படுகிறார்கள். சாப்பாட்டை நம்ப முடியவில்லை, மருந்தை நம்ப முடியவில்லை. எங்கே போனாலும் முன்னும் பின்னும் பாதுகாப்பு வாகனங்கள். எதிரில் வந்து நிற்பவர் ஒன்று எதையாவது கேட்க வந்திருப்பார், இல்லையென்றால் புகழ வந்திருப்பார்.

ரேடியோ முன்னால் உட்கார்ந்த மன்னர்

இந்த மனிதர்தான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மைக்கைப் பிடித்தார்.

ஹாம்கள் பேசத் தொடங்கும் முறையே வேடிக்கையாக இருக்கும். சிக்யூ, சிக்யூ என்று அழைப்பார்கள். யாராவது இருந்தால் பதில் சொல்லுங்கள் என்று அர்த்தம். கூடவே தன் அழைப்புக் குறியை எழுத்து எழுத்தாகச் சொல்வார்கள். இரைச்சலில் எழுத்து குழம்பக் கூடாது என்பதால் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு சொல் உண்டு. ஜேஒய்1 என்பது ஜூலியட் யாங்கி ஒன்.

இந்தக் குறி காற்றில் வந்தால் அடுத்த நொடியே கூட்டம் சேர்ந்துவிடும். மன்னர் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் ஹாம்களுக்கு மட்டும் புரிந்த ஒன்று. 100 வெவ்வேறு நாடுகளோ பிரதேசங்களோடு பேசியதை நிரூபித்தால் அமெரிக்க அமெச்சூர் ரேடியோ சங்கம் ஒரு விருது தரும். ஸ்டாம்ப் சேர்ப்பது மாதிரி, நாடு சேர்ப்பது. ஜோர்டானில் ஹாம்கள் ரொம்பக் குறைவு. ஜேஒய் எழுத்தோடு ஒரு குரல் வந்தால் விடுவார்களா? ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கானோர் தங்கள் குறியைச் சொல்லிக் கத்துவார்கள். கோயம்பேடு மார்க்கெட்டில் ஏலம் கேட்டவர்களுக்கு அந்தச் சத்தம் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அந்தக் கூச்சலிலிருந்து ஒரு குறியைக் காதால் பிரித்தெடுத்து, அவருக்குப் பதில் சொல்லி, அடுத்தவரை எடுக்க வேண்டும். மந்திரியோ தளபதியோ உதவிக்கு வர முடியாது. கேட்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

பேச்சு என்னவோ சாதாரணமாகத்தான் இருக்கும். உங்கள் சிக்னல் இங்கே எப்படி வருகிறது, என்ன ஆண்டெனா, ஊரில் வெயிலா மழையா. முடிக்கும்போது எழுபத்து மூன்று என்பார்கள். தந்திக் காலத்திலிருந்து வரும் சங்கேதம் இது, அன்பு வணக்கம் என்று பொருள். முன்பின் தெரியாத ஒருவர் தன் வீட்டுத் தோட்டத்து ஆண்டெனாவைப் பற்றி ஒரு மன்னரிடம் விளக்கிக்கொண்டிருப்பார். மன்னரும் ஆர்வமாகக் கேட்பார், ஏனென்றால் அவருக்கும் அதே கவலை இருந்தது. காற்றடித்து ஆண்டெனா சாய்ந்தால் அரண்மனை ஆண்டெனாவும் சாயத்தான் செய்யும். சூரியன் ஒத்துழைக்காத நாளில் ஜேஒய்1-க்கும் வெறும் இரைச்சல்தான் கேட்கும்.

பேசி முடித்தபின் இருவரும் ஒரு அட்டையைத் தபாலில் அனுப்பிக்கொள்வது வழக்கம். கியூஎஸ்எல் அட்டை என்பார்கள். எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த அலைவரிசை என்று அதில் எழுதியிருக்கும். பேசியதற்கு அத்தாட்சி அதுதான். ஜேஒய்1 அட்டை கிடைத்தவர்கள் அதைப் பொக்கிஷமாக வைத்துக்கொண்டார்கள்.

அவரும் இதை மேலோட்டமாகச் செய்யவில்லை. அமெரிக்க அமெச்சூர் ரேடியோ சங்கத்தின் ஆயுட்கால உறுப்பினர், படித்த ஊரான ஹாரோவின் ரேடியோ சங்கத்தில் கௌரவ உறுப்பினர். அரச குடும்பத்துக்கும் இது தொற்றியது. இளவரசர் ராத் பின் சைத் ஜேஒய்2ஆர்இசட் என்ற குறியோடு ஒலித்தார். அமெரிக்காவில் பிறந்த லிசா ஹலபியை 1978-ல் மணந்தார் ஹுசைன். அவர்தான் ராணி நூர். அவருக்கும் ஜேஒய்1என்எச் என்று ஒரு குறி.

அரசியல் பேசக் கூடாத இடம்

ஹாம் ரேடியோவில் எழுதியும் எழுதாமலும் சில கட்டுப்பாடுகள் உண்டு. வியாபாரம் பேசக் கூடாது. அரசியல், மதச் சண்டை கூடாது. வாழ்நாள் முழுக்க அரசியலுக்குள்ளேயே மூழ்கியிருந்த ஒருவருக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்று யோசித்துப் பாருங்கள்.

இதில் ஒரு முரண்பாடும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் போனால் கதை பாதிதான். முகம் தெரியாதவர்களோடு இவ்வளவு சகஜமாகப் பேசிய மன்னர், சொந்த நாட்டில் மக்கள் அரசியல் பேசுவதை அவ்வளவு சுலபமாக அனுமதிக்கவில்லை. 1957-ல் அரசியல் கட்சிகளுக்குத் தடை போட்டார். 1967 போருக்குப் பின் நாடாளுமன்றத்துக்குப் பொதுத்தேர்தல் நடந்தது 1989-ல்தான், அதுவும் விலைவாசி உயர்வுக்கு எதிராக மக்கள் தெருவில் இறங்கியபின். 67-ல் வந்த ராணுவச் சட்டம் முழுதாக விலகியது 1990-களின் தொடக்கத்தில். ரேடியோவில் பட்டத்தைக் கழற்றி வைத்தவர், மைக்கைக் கீழே வைத்ததும் மறுபடி மன்னர்தான், அதுவும் கடைசிச் சொல் தன்னுடையதாக இருக்க வேண்டும் என்று நினைத்த மன்னர்.

அதனால் அந்த ரேடியோ நட்பு வெறும் நடிப்பு என்று சொல்லிவிட முடியாது. வருடக்கணக்கில், விளம்பரமே இல்லாமல், ராத்திரி நேரத்தில் நடிக்க யாருக்கும் பொறுமை இருக்காது. பதவி ஒன்றும் ஆகாத ஒரு இடம் அவருக்குத் தேவைப்பட்டிருக்கிறது. அது அங்கே கிடைத்தது.

பதவியில் இருந்த வேறு சிலரும் இந்தப் பக்கம் வந்திருக்கிறார்கள். ஸ்பெயின் மன்னர் யுவான் கார்லோஸ், 1964-ல் அமெரிக்க அதிபர் தேர்தலில் தோற்ற பேரி கோல்ட்வாட்டர் ஆகியோர் ஹாம்கள். நம்ம நாட்டில் ராஜீவ் காந்தி. அவருடைய குறி வியூ2ஆர்ஜி. ஹுசைனைப் போலவே அவரும் விமானி. காக்பிட்டில் ஹெட்போன் போட்டுப் பழகியவர்களுக்கு வீட்டிலும் அது இல்லாமல் முடியாது போல!

விண்வெளியிலிருந்து பதில் வந்த நாள்

1983 நவம்பர் 28-ல் அமெரிக்காவின் கொலம்பியா விண்கலம் கிளம்பியது. அதில் இருந்த விண்வெளி வீரர் ஓவன் கேரியட் ஒரு ஹாம். அவருடைய குறி டபிள்யூ5எல்எஃப்எல். நாசாவிடம் அனுமதி வாங்கி, கையில் அடங்கும் ஒரு ரேடியோவையும் எடுத்துப் போயிருந்தார். விண்கலத்தின் ஜன்னல் கண்ணாடியில் ஒரு சின்ன ஆண்டெனா. ஆராய்ச்சி வேலை முடிந்து ஓய்வு நேரம் கிடைக்கும்போது பேசிக்கொள்ளலாம் என்று ஏற்பாடு.

இதில் என்ன விசேஷம்? அதற்கு முன் விண்வெளியிலிருந்து பூமிக்குப் பேசிய பேச்செல்லாம் கட்டுப்பாட்டு அறையோடுதான். வீட்டில் ரேடியோ வைத்திருக்கும் ஒரு சாதாரண ஆள் விண்வெளி வீரரோடு நேரடியாகப் பேசலாம் என்ற நிலை வந்தது அப்போதுதான் முதல்முறை. விண்வெளி வீரர் ஒருவர் அமெச்சூர் ரேடியோவில் பேசிய முதல் பயணம் அது.

ஆனால் பேசுவது லேசு இல்லை. விண்கலம் மணிக்குச் சுமார் 28,000 கிலோமீட்டர் வேகத்தில் போகும். ஒரு ஊரின் அடிவானத்தில் ஏறி மறு அடிவானத்தில் இறங்க அதிகபட்சம் சில நிமிடங்கள். அதற்குள் ஆயிரக்கணக்கானோர் கூப்பிடுவார்கள். மேலே இருப்பவர் யாருடைய குறியைப் பிரித்துக் கேட்கிறாரோ அவருக்கு அதிர்ஷ்டம். இதில் அயனி மண்டலத்தில் பட்டு எகிறும் வித்தையும் உதவாது. 145 மெகாஹெர்ட்ஸ் அலை நேர்கோட்டில்தான் போகும், விண்கலம் தலைக்கு மேலே இருந்தால்தான் உண்டு.

அந்தப் பத்து நாள் பயணத்தில் கேரியட் பேசியவர்களில் ஒருவர் ஜேஒய்1. அம்மானிலிருந்து ஹுசைன் கூப்பிட்டார், விண்கலத்திலிருந்து பதில் வந்தது. சிக்னல் எப்படி இருக்கிறது என்று மாறி மாறிச் சொல்லிக்கொண்டார்கள். கேரியட் வேறு பல ஹாம்களோடும், ஊரில் இருந்த தன் அம்மாவோடும் பேசினார். அந்த வரிசையில் மன்னரின் பெயரும் மற்றவர்கள் பெயரோடு பெயராக இருக்கிறது.

சர்வதேச விண்வெளி நிலையத்தில் இருப்பவர்களோடு பள்ளி மாணவர்கள் ஹாம் ரேடியோவில் பேசினார்கள் என்று இப்போது அடிக்கடி செய்தி வருகிறது அல்லவா? அதற்கெல்லாம் பிள்ளையார் சுழி இந்தப் பயணம்தான்.

கடைசி விமானப் பயணம்

ஹுசைனின் சொந்த வாழ்க்கையில் சோகத்துக்குப் பஞ்சம் இல்லை. 1977 பிப்ரவரி 9-ல் அவருடைய மூன்றாவது மனைவி ராணி ஆலியா ஹெலிகாப்டர் விபத்தில் இறந்தார். தெற்கு ஜோர்டானில் ஒரு மருத்துவமனையைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார் அவர். நான்கு திருமணங்கள், பதினொரு பிள்ளைகள், அதோடு ஆலியா இருந்தபோது தத்தெடுத்த ஒரு பெண் குழந்தை என்று பெரிய குடும்பம் ஹுசைனுடையது.

1994 அக்டோபர் 26-ல் இஸ்ரேலோடு சமாதான ஒப்பந்தம் போட்டார். எகிப்துக்கு அடுத்து அதைச் செய்த இரண்டாவது அரபு நாடு ஜோர்டான். பாராட்டும் வந்தது, துரோகி என்ற பட்டமும் வந்தது.

உடல் ஏற்கெனவே பலவீனமாகியிருந்தது. 1992-ல் புற்றுநோய் காரணமாக ஒரு சிறுநீரகம் அகற்றப்பட்டது. 1998-ல் நிணநீர்ப் புற்றுநோய். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் மாதக்கணக்கில் சிகிச்சை. 1999 ஜனவரி 19-ல் விமானத்தைத் தானே ஓட்டிக்கொண்டு நாடு திரும்பினார். கொட்டும் மழையிலும் அம்மான் தெருக்களில் மக்கள் நின்றார்கள். வந்த சில நாட்களிலேயே, 34 ஆண்டுகளாகப் பட்டத்து இளவரசராக இருந்த தம்பி ஹசனை மாற்றிவிட்டு மகன் அப்துல்லாவை வாரிசாக அறிவித்தார். நோய் திரும்பியது. மறுபடி அமெரிக்கா போய், பலனில்லாமல் அம்மானுக்கே கொண்டுவரப்பட்டு, பிப்ரவரி 7 அன்று காலமானார். வயது 63.

மறுநாள் நடந்த இறுதிச் சடங்குக்கு அமெரிக்காவிலிருந்து பில் கிளிண்டனோடு மூன்று முன்னாள் அதிபர்கள் வந்தார்கள். உடல்நிலை சரியில்லாத ரஷ்ய அதிபர் யெல்ட்சின் வந்தார். இஸ்ரேல் பிரதமர் நெதன்யாகுவும் வந்தார், சிரியா அதிபர் ஹஃபீஸ் அல் அசாத்தும் வந்தார்.

ஹாம்கள் அவருக்கு வேறு மாதிரி விடை கொடுத்தார்கள். அவர்களில் ஒருவர் இறந்துவிட்டால் காலமானார் என்று சொல்வதில்லை, சைலன்ட் கீ என்பார்கள். மோர்ஸ் தந்திக் கருவியில் விரலால் தட்டும் பகுதிக்குப் பெயர் கீ. இனி அது ஒலிக்காது என்று அர்த்தம். ஜேஒய்1 சைலன்ட் கீ ஆன செய்தி அலைவரிசைகளில் நாடு நாடாகப் போனது. மெக்கானிக் இறந்தாலும் மன்னர் இறந்தாலும் அங்கே இந்த ஒரே சொல்தான்.

மேலே சுற்றும் அழைப்புக் குறி

2018 டிசம்பர் 3. கலிபோர்னியாவிலிருந்து கிளம்பிய ஸ்பேஸ்எக்ஸ் ராக்கெட் ஒன்று பல நாடுகளின் குட்டிச் செயற்கைக்கோள்களைச் சுமந்து சென்றது. அதில் ஒன்று ஜோர்டானுடையது, அந்த நாட்டின் முதல் செயற்கைக்கோள். ஹுசைனின் பெயரையே வைத்திருக்கும் பேரன், பட்டத்து இளவரசர் ஹுசைனின் அறக்கட்டளை ஆதரவில் ஜோர்டான் மாணவர்களும் இளம் பொறியாளர்களும் சேர்ந்து உருவாக்கியது. அளவு, உள்ளங்கையில் வைக்கலாம், ஒரு பக்கம் 10 சென்டிமீட்டர்தான்.

உலகின் எந்த மூலையில் இருக்கும் ஹாமும் அதன் வழியாகப் பேசிக்கொள்ள முடிகிற ஒரு கருவியை அதற்குள் வைத்தார்கள். பெட்ரா போன்ற ஜோர்டானின் பழம்பெரும் இடங்களின் படங்களைப் பூமிக்கு அனுப்பவும் ஏற்பாடு செய்தார்கள். வீட்டு மாடியில் சின்ன ஆண்டெனாவும் ஒரு லேப்டாப்பும் இருந்தால் போதும், யார் வேண்டுமானாலும் அதைப் பிடிக்கலாம்.

பெயர் வைக்கும்போது தாத்தாவின் பட்டம் எதையும் அதில் சேர்க்கவில்லை. ஜேஒய்1சாட் என்று வைத்தார்கள்.